ஒரு ஜன்னலைத் திறப்பதற்குள்

2010 டிசம்பரில் ராக்கெட் மொழியை உருவாக்கியவர்களில் முதன்மையானவரான மாத்யூ ஃப்ளாட் ஓர் அறிவிப்பை வெளியிட்டார். அந்த மொழியின் வரைகலை அடுக்கு முழுவதும் புதிதாக எழுதப்பட்டிருந்தது. ஏறத்தாழ 2,00,000 வரி சி++ நிரல் கழித்துக் கட்டப்பட்டு, அதன் இடத்தில் ஏறத்தாழ 30,000 வரி ராக்கெட் நிரல் வந்திருந்தது. பயன்படுத்துகிறவருக்குப் பெரிய வித்தியாசம் தெரியாது. அதே ஜன்னல், அதே பொத்தான், அதே மெனு. வெளியே ஒன்றும் மாறாமலிருக்க உள்ளே இத்தனை உழைப்பு.

ஒரு ஜன்னலையும் நான்கு பொத்தான்களையும் காட்ட இந்தப் பாடா என்று கேட்கத் தோன்றும். ஃபங்ஷனல் மொழிகளின் உலகில் முப்பது ஆண்டுகளுக்கும் மேலாகத் தீராமல் இழுத்துக்கொண்டிருக்கும் கேள்வி இதுதான். ஹாஸ்கெல், ஓகேமல், ராக்கெட், எர்லாங், குளோஜர், எஃப்-ஷார்ப் ஆகியவை அந்தக் குடும்பத்து மொழிகள். பள்ளிக் கணக்கில் வரும் சார்பைப் போல, ஒன்றைக் கொடுத்தால் ஒன்றைத் திருப்பித் தரும் துண்டுகளைக் கோத்து நிரல் எழுதுவது இவற்றின் வழி. இருக்கிற மதிப்பை இடத்திலேயே மாற்றுவதைக் கூடியவரை தவிர்ப்பார்கள். கம்பைலர், தேற்றச் சரிபார்ப்பு, தொலைபேசி இணைப்பகம் என்று இந்த மொழிகள் சாதித்தவை ஏராளம். விண்டோஸ், மேக், லினக்ஸ் மூன்றிலும் ஓடுகிற சாதாரண மேசைக்கணினிப் பயன்பாடு ஒன்றை எழுத உட்காரும்போது மட்டும், ஜன்னல், பொத்தான், மெனு ஆகியவற்றைத் தரும் டூல்கிட்டுகளில் எதை எடுப்பது என்ற முதல் படியிலேயே நாட்கள் போய்விடுகின்றன.

பொதுவாகச் சொல்லப்படும் காரணம் தத்துவம் சார்ந்தது. ஜன்னல் என்பது ஓயாமல் நிலை மாறும் பொருள். ஃபங்ஷனல் மொழிக்கு நிலைமாற்றம் ஆகாது. ஆகவே இரண்டுக்கும் ஒத்துவராது. இதில் பாதி உண்மை உண்டு. மீதிப் பாதி எங்கே இருக்கிறது என்பதை இந்த முயற்சிகளின் வரலாறு காட்டுகிறது. பல நல்ல டூல்கிட்டுகள் தேங்கிப்போனதற்குக் காரணம் தத்துவப் பிழை அன்று, பராமரிக்க ஆள் இல்லாததுதான்.

தத்துவச் சிக்கலுக்கு 1993-லேயே அழகான விடை ஒன்று கிடைத்தது. ஸ்வீடனின் சால்மர்ஸ் பல்கலைக்கழகத்தில் மாக்னஸ் கார்ல்சனும் தாமஸ் ஹால்கிரேனும் ‘ஃபட்ஜெட்ஸ்’ என்ற முறையை முன்வைத்தார்கள். அதில் ஒவ்வொரு பொத்தானும் எழுத்துப் பெட்டியும் ஒரு செயலி. ஒரு பக்கம் செய்திகள் வரும், மறுபக்கம் செய்திகள் போகும். ஒன்றின் வெளிவாயை இன்னொன்றின் உள்வாயோடு இணைத்துக்கொண்டே போனால் முழுப் பயன்பாடு உருவாகிவிடும். ஹாஸ்கெலில் மொனாட் வழியிலான உள்ளீடு-வெளியீடு மொழியின் தரமாக வந்தது 1996-இல். அதற்கு முன்பே இவர்கள் இதைச் செய்துவிட்டார்கள். 1997-இல் கோனல் எலியட்டும் பால் ஹூடாக்கும் ‘ஃப்ரான்’ என்ற அசைபட முறையைக் கொண்டுவந்தார்கள். காலத்தோடு மாறும் மதிப்பையே அடிப்படைப் பொருளாக அது எடுத்துக்கொண்டது. இன்று ‘ரியாக்டிவ்’ என்ற பெயரில் எங்கும் புழங்கும் சிந்தனையின் வேர்களில் ஒன்று அந்தக் கட்டுரை.

ஆனால் ஃபட்ஜெட்ஸ் தன் பொத்தான்களை யூனிக்ஸ் உலகின் எக்ஸ் விண்டோ மேல் தானே வரைந்துகொண்டது. விண்டோஸ்காரருக்கு அது உதவாது. ஆய்வேடு முடிந்ததும் ஆய்வாளர்கள் அடுத்த வேலைக்குப் போவார்கள். இயங்குதளங்கள் அவர்களுக்காகக் காத்திருக்காது.

நெதர்லாந்தின் உட்ரெக்ட் பல்கலைக்கழகத்திலிருந்த டான் லெயன் வேறு வழியில் போனார். 2004-இல் ஹாஸ்கெல் பயிலரங்கில் அவர் வெளியிட்ட டபிள்யூஎக்ஸ்-ஹாஸ்கெல், புதிய தத்துவம் எதையும் தேடவில்லை. ஜூலியன் ஸ்மார்ட் 1992-இல் எடின்பரோவில் தொடங்கிய டபிள்யூஎக்ஸ்விட்ஜெட்ஸ் என்ற சி++ டூல்கிட் ஏற்கனவே எல்லாத் தளங்களிலும் ஓடியது. ஒவ்வொரு தளத்திலும் அந்தத் தளத்தின் சொந்தப் பொத்தான்களையே அது காட்டியது. அதன்மேல் ஹாஸ்கெல் உடையை மாட்டினால் போதும் என்பது லெயனின் கணக்கு.

அந்த உடையையும் அவர் முழுதாகத் தைக்கவில்லை என்பது சுவையான செய்தி. ஹாஸ்கெலால் சி++ நிரலை நேரடியாக அழைக்க முடியாது. சி மொழி வழியாகத்தான் போக வேண்டும். ஐஃபல் மொழிக்காரர்கள் தங்கள் தேவைக்காக டபிள்யூஎக்ஸ்விட்ஜெட்ஸுக்கு ஒரு சி உறை எழுதி வைத்திருந்தார்கள். லெயன் அதை எடுத்து விரித்துக்கொண்டார். இன்னொரு சிக்கல், சி++ இல் உள்ள மரபுரிமை. பொத்தான் ஒரு வகைக் கட்டுப்பாடு, கட்டுப்பாடு ஒரு வகை ஜன்னல் என்ற படிநிலை ஹாஸ்கெலில் கிடையாது. எங்கும் மதிப்பாக வராமல் அடையாளத்துக்காக மட்டும் நிற்கும் ‘ஃபேன்டம்’ வகைகளைக் கொண்டு அந்தப் படிநிலையை அவர் வகையமைப்புக்குள்ளேயே எழுதினார். ஜன்னலைக் கேட்கும் இடத்தில் பொத்தானைக் கொடுத்தால் கம்பைலர் ஏற்கும். பொத்தானைக் கேட்கும் இடத்தில் வெறும் ஜன்னலைக் கொடுத்தால் ஏற்காது. நுட்பமான வேலைப்பாடு. அன்றைய ஹாஸ்கெல்காரர்கள் பலர் முதல் ஜன்னலைத் திறந்தது இதில்தான்.

பிறகு வழக்கமான கதை. லெயன் மைக்ரோசாஃப்ட் ஆய்வகத்துக்குப் போனார். பொறுப்பு பல கைகள் மாறியது. டபிள்யூஎக்ஸ்விட்ஜெட்ஸ் புதிய பதிப்புகளுக்குப் போகப் போக, கையால் எழுதிய உறையும் பின்னாலேயே ஓட வேண்டியிருந்தது, ஓட முடியாமல் பின்தங்கியது. பைண்டிங் எனப்படும் இத்தகைய உறையை எழுதுவது கிணறு வெட்டுவதுபோல் ஒருமுறையோடு முடிகிற வேலை அன்று. ஆண்டுதோறும் தூர் வார வேண்டும். டூல்கிட் தேடும் இளைஞர்கள் அழகான எடுத்துக்காட்டு நிரலைப் பார்த்து மயங்குகிறார்களே தவிர, தூர் வாருவது யார் என்று கேட்பதில்லை.

எல்லையில் என்னதான் நடக்கிறது? ஒரே ஒரு பொத்தானை எடுத்துக்கொள்வோம். ‘சொடுக்கினால் இதைச் செய்’ என்று ஹாஸ்கெல் நிரலாளர் ஒரு சார்பைக் கொடுக்கிறார். டூல்கிட்டுக்குத் தெரிந்ததோ நினைவகத்தில் நிலையாக நிற்கும் ஒரு சி முகவரி மட்டுமே. பயன்படாத நினைவகத்தை மீட்கும் ஹாஸ்கெலின் குப்பை சேகரிப்பான் பொருள்களை இடம் மாற்றிக்கொண்டே இருக்கும். ஆகவே அந்தச் சார்புக்கு நகராத ஒரு கைப்பிடி செய்து, அதைச் சுற்றி ஒரு சி உறை உருவாக்கிக் கொடுக்க வேண்டும். பொத்தான் அழிந்ததும் கைப்பிடியை யாராவது விடுவிக்க வேண்டும். இதற்குள் அந்தச் சார்பு அதே பொத்தானின் பெயரை மாற்றுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். பொத்தான் சார்பைப் பிடித்திருக்கிறது, சார்பு பொத்தானைப் பிடித்திருக்கிறது. ஜிடிகே போன்ற டூல்கிட்டுகள் எத்தனை பேர் பிடித்திருக்கிறார்கள் என்று எண்ணிக் கணக்கு வைப்பவை. ஹாஸ்கெல் யார் எட்டக்கூடியவர் என்று தேடிப் பார்ப்பது. ஒன்றின் கணக்கு மற்றொன்றுக்குத் தெரியாததால் அந்த வளையத்தை இரு தரப்பும் விடுவிக்காது. நிரல் சரியாகவே ஓடும், நினைவகம் மட்டும் மெல்லக் கசியும்.

இந்த இடத்தில்தான் டூல்கிட் எந்த மொழியில் எழுதப்பட்டது என்பது முக்கியமாகிறது. நார்வேயில் பிறந்து 1995-இல் வெளிவந்த க்யூட், வசதிகள் நிறைந்த டூல்கிட். ஆனால் அது சி++. அந்த மொழியில் சார்புப் பெயர்களைக் கம்பைலர் தன் போக்கில் திரித்துக்கொள்ளும். வகுப்புகளை நீட்டித்துத்தான் பல வேலைகளைச் செய்ய முடியும். போதாக்குறைக்கு க்யூட்டுக்கென்றே தனியொரு முன்செயலியும் உண்டு. ஹாஸ்கெலுக்கு க்யூட் பைண்டிங் எழுதப் பலர் முயன்றிருக்கிறார்கள், எதுவும் பெருவழக்காகவில்லை.

ஜிம்ப் படத்திருத்தியின் பக்கவிளைவாகப் பிறந்த ஜிடிகே வெறும் சி. அதைவிட முக்கியமாக, தன் ஒவ்வொரு சார்பையும் பற்றிய விவரத்தை இயந்திரம் படிக்கக்கூடிய வடிவில் அது வெளியிடுகிறது. எந்த மதிப்பு வெறுமையாக இருக்கலாம், எந்தப் பொருளின் உரிமை அழைத்தவருக்குப் போகிறது, எது இரவல் என்பதுவரை அதில் எழுதியிருக்கும். இஞ்யாகி கார்சியா எட்செபாரியா வளர்த்தெடுத்த ‘ஹாஸ்கெல்-ஜிஐ’ அந்த விவரக்கோப்பைப் படித்துப் பைண்டிங்கைத் தானே உற்பத்தி செய்கிறது. வெறுமையாகலாம் என்று குறித்திருந்தால் ஹாஸ்கெலில் அது ‘மேபி’ வகையாகிவிடும். ஜிடிகே புதிய பதிப்பு வந்தால் கருவியை மறுபடி ஓட்டினால் போதும். தூர் வாரும் வேலையில் பெரும்பகுதி இயந்திரத்துக்குப் போய்விட்டது. இந்த இயந்திர வழித் தீர்வு, எந்தக் கோட்பாட்டு அழகையும்விட ஹாஸ்கெலுக்கு அதிகம் உதவியிருக்கிறது என்பதே இக்கட்டுரையின் கணிப்பு.

ஓகேமலுக்கு இந்தச் சங்கடம் குறைவு. ஜப்பானில் ஜாக் காரிக் எழுதிய லேபிள்-ஜிடிகே, மொழியின் சொந்தப் பொருள்முறையையும் பெயரிட்ட உள்ளீடுகளையும் பயன்படுத்திக்கொண்டது. பெயரிட்ட உள்ளீடுகளை ஓகேமலுக்குள் கொண்டுவந்தவரே அவர்தான். தேற்றச் சரிபார்ப்பு மென்பொருளான காக்கின் (2025 முதல் அதன் பெயர் ராக்) மேசைக்கணினி முகம் இதில்தான் ஓடுகிறது. 2019-இல் ஜிடிகே மூன்றாம் பதிப்புக்கும் மாறியது.

குளோஜரும் ஸ்காலாவும் ஜாவா வீட்டில் வளர்ந்தவை. ஸ்விங், ஜாவாஎஃப்எக்ஸ் என்ற ஜாவா டூல்கிட்டுகள் அவற்றுக்கு எல்லையைத் தாண்டாமலேயே கிடைக்கின்றன.

அடுத்த தடை, த்ரெட், அதாவது நிரலுக்குள் இணையாக ஓடும் செயல் இழை. மேக் இயங்குதளத்தின் கோகோ, ஜன்னல் வேலை எல்லாம் நிரலின் முதல் த்ரெட்டிலேயே நடக்க வேண்டும் என்று அடம்பிடிக்கும். ஹாஸ்கெல், எர்லாங் போன்ற மொழிகளோ தங்களுக்கென்று ஆயிரக்கணக்கான மெல்லிய த்ரெட்டுகளை வைத்துக்கொண்டு, அவற்றை இயங்குதளத்தின் த்ரெட்டுகள்மேல் இஷ்டப்படி ஏற்றி இறக்குபவை. எர்லாங்கின் பழைய வரைகலை முறை டிகே டூல்கிட்டைத் தனி நிரலாக ஓடவிட்டு, குழாய் வழியாகச் செய்தி அனுப்பித் தப்பித்தது. 2009-இல் அதற்குப் பதில் டபிள்யூஎக்ஸ் வந்தபோது, எர்லாங் மெய்நிகர் இயந்திரம் மேக்கில் தன் முதல் த்ரெட்டையே விட்டுக்கொடுக்க வேண்டியதாயிற்று. அதற்காகவே உள்ளே எழுதப்பட்ட சார்பின் பெயரில் ‘முதன்மை த்ரெட்டைத் திருடு’ என்றே இருக்கும். பெயர் வைத்தவர் உண்மையை மறைக்கவில்லை.

ராக்கெட்டின் கதைக்குத் திரும்பினால், பராமரிப்பு, நினைவகம், த்ரெட் என்ற இந்த மூன்று சிக்கல்களும் ஒரே இடத்தில் கூடியிருப்பதைப் பார்க்கலாம். ராக்கெட் மாணவர்களுக்காக வளர்ந்த மொழி. டாக்டர்-ராக்கெட் என்ற அதன் எழுதுதளத்தில் மாணவர் எழுதும் நிரல், எழுதுதளம் ஓடும் அதே செயல்முறைக்குள்ளேயே ஓடுகிறது. மாணவர் முடிவில்லாத சுழற்சி ஒன்றை எழுதிவிட்டு ஐந்து ஜன்னல்களையும் திறந்துவிட்டார் என்றால், ‘நிறுத்து’ பொத்தானை அழுத்தியதும் அந்த ஐந்தும் மூட வேண்டும். எழுதுதளம் அசையக் கூடாது. இதற்காக ஃப்ளாட்டும் உடன் உழைத்தவர்களும் ‘ஈவென்ட்ஸ்பேஸ்’ என்ற கருத்தை உருவாக்கினார்கள். ஒவ்வொரு நிரலுக்கும் தனி நிகழ்வு வரிசை. அது திறந்த ஜன்னல்களுக்குத் தனிக் காப்பாளர். காப்பாளரை மூடினால் எல்லாம் மூடும். நிரல்மொழியே ஒரு சிறு இயங்குதளமாக வேண்டும் என்று 1999-இல் அவர்கள் எழுதிய ஆய்வுக்கட்டுரை வாதிட்டது.

இப்படியொரு தேவையை எந்தக் கடைச்சரக்கு டூல்கிட்டும் முன்கூட்டி நினைத்துப் பார்த்திருக்காது. ஆகவே அவர்கள் பழைய டபிள்யூஎக்ஸின் நகலொன்றை எடுத்துத் தங்களுக்கேற்ப வளைத்து வந்தார்கள். வளைக்க வளைக்க மூலத்திலிருந்து அது விலகியது. மூலத்தில் வரும் மேம்பாடுகளும் வராமல் போயின. மேக்கில் அது கார்பன் என்ற பழைய அடுக்கில் மாட்டிக்கொண்டது. அந்த அடுக்குக்கு 64-பிட் எதிர்காலம் இல்லை என்று ஆப்பிள் கைவிரித்துவிட்டது. குப்பை சேகரிப்பானோடு ஒத்துழைக்க சி++ நிரலைத் தனிக்கருவியால் உருமாற்றிக் கம்பைல் செய்ய வேண்டியிருந்தது. இவையெல்லாம் சேர்ந்த சுமைதான் அந்த 2,00,000 வரி.

புதிய அடுக்கு நேர்மாறான வழியில் போனது. விண்டோஸில் வின்32, மேக்கில் கோகோ, லினக்ஸில் ஜிடிகே ஆகியவற்றை ராக்கெட் நேரடியாகவே அழைக்கிறது. வரைவதற்குக் கெய்ரோ, எழுத்துக்குப் பாங்கோ. நடுவில் எவருடைய பொது டூல்கிட்டும் இல்லை. பொதுமையைத் தங்கள் மொழியிலேயே எழுதிக்கொண்டார்கள். 2011-இல் 5.1 பதிப்பாக இது வெளிவந்தது. இதன் பெரிய ஆதாயம் பத்தாண்டு கழித்துத் தெரிந்தது. ராக்கெட் தன் அடித்தளத்தையே கழற்றிவிட்டு ஷே ஸ்கீம் என்ற வேறு கம்பைலரின்மேல் ஏறி உட்கார்ந்தது. 2021-இல் வந்த 8.0 பதிப்பிலிருந்து அதுவே இயல்பு நிலை. வரைகலை அடுக்கு ராக்கெட்டிலேயே இருந்ததால் அதைத் திரும்ப எழுத வேண்டிய அவசியம் வரவில்லை. பழைய சி++ மலை இருந்திருந்தால் இந்த இடமாற்றம் எவ்வளவு இழுத்திருக்கும் என்பதை ஊகிக்கலாம்.

இதற்கிடையே ஃபங்ஷனல் உலகின் கருத்துகள் வெளியே போய் வெற்றி பெற்றன. இவான் சாப்லிட்ஸ்கி 2012-இல் ஹார்வர்டில் இளநிலை ஆய்வேடாக எழுதிய எல்ம் மொழி, பின்னாளில் ‘நிலை, மாற்றும் சார்பு, காட்டும் சார்பு’ என்ற மூன்றே உறுப்பில் இடைமுகத்தை அடக்கியது. நிலையைக் கொடுத்தால் திரை முழுவதும் எப்படி இருக்க வேண்டும் என்று ஒரு சார்பு சொல்லும். பழைய திரைக்கும் புதியதற்கும் உள்ள வேறுபாட்டை மட்டும் நூலகம் பார்த்துத் திருத்தும். ஃபேஸ்புக்கின் ரியாக்டும் இதே திசையில் வந்தது. அதன் முதல் முன்மாதிரியை ஜோர்டன் வாக் எழுதியது ஸ்டாண்டர்ட் எம்எல் என்ற ஃபங்ஷனல் மொழியில். 2019-இல் ஆப்பிளின் ஸ்விஃப்ட்யூஐ வந்தபோது இந்த முறை ஊருக்கே பொதுவாகிவிட்டது. தத்துவம் ஒத்துவராது என்ற பழைய வாதம் அன்றோடு செல்லாக்காசு.

அந்த முறை தாய்வீட்டுக்கும் திரும்பியது. ஹாஸ்கெலில் ஆஸ்கர் விக்ஸ்ட்ரோம் ஜிடிகேயின்மேல் இத்தகைய அறிவிப்பு அடுக்கு ஒன்றை எழுதினார். ராக்கெட்டில் போக்டான் போப்பாவின் ‘கூய்-ஈஸி’ வந்தது. எஃப்-ஷார்ப்பில் அவலோனியா டூல்கிட்டின்மேல் ‘ஃபங்க்யூஐ’ இருக்கிறது. மூன்றும் மெல்லிய அடுக்குகள். கனமான வேலையை அடியிலுள்ள டூல்கிட்டே சுமக்கிறது. இந்த அமைப்பு ஆரோக்கியமானது.

சிலர் அடியிலுள்ளதையும் விட்டுவிட்டு, எல்லாவற்றையும் தாங்களே வரைந்துகொள்ளத் துணிகிறார்கள். ஹாஸ்கெலின் மோனோமர் எஸ்டிஎல், நானோவிஜி என்ற வரைகலை நூலகங்களைக் கொண்டு பொத்தான் முதல் பட்டியல்வரை வரைகிறது. எல்மைப் போன்ற நிரல் அமைப்பு, மூன்று தளங்களிலும் ஒரே தோற்றம், எளிய நிறுவல் என்று பார்க்க இனிமையானது. ஆனால் அதன் எழுத்துப் பெட்டியில் ‘கொடு’ என்று தட்டிப் பார்க்க வேண்டும்.

யூனிகோடில் ‘கொ’ என்பது இரண்டு குறியீடுகள்: முதலில் க, அடுத்து ஒகரக் குறி. திரையில் அந்தக் குறி இரண்டாகப் பிளந்து, ஒற்றைக்கொம்பு ககரத்துக்கு முன்னாலும் துணைக்கால் பின்னாலும் போய் நிற்க வேண்டும். இந்த இடம் மாற்றத்தைச் செய்ய எழுத்துரு மட்டும் போதாது; ஹார்ஃப்பஸ் போன்ற எழுத்தமைவு இயந்திரம் வேண்டும். பாங்கோவுக்குள் அது இருக்கிறது, ஆகவே ஜிடிகேயிலும் ராக்கெட்டிலும் தமிழ் ஒழுங்காக வரும். க்யூட்டிலும் அவலோனியாவிலும் இருக்கிறது. நானோவிஜியின் எழுத்துப் பகுதியோ ஒரு குறியீட்டுக்கு ஒரு வடிவம் என்று வரிசையாக அடுக்குவது. அங்கே கொம்பும் காலும் சேர்ந்தே ககரத்துக்குப் பின்னால் போய் ஒட்டிக்கொள்ளும். லினக்ஸில் டிகே 8.6-க்கும் இதே குறை உண்டு. ஆங்கிலத்தில் மட்டும் சோதித்துப் பார்ப்பவர் கண்ணுக்கு இது படவே படாது. தமிழ், இந்தி, அரபு என்று உலகில் பல கோடிப் பேருக்கு அந்த டூல்கிட் தொடங்கும் முன்பே முடிந்துவிடுகிறது.

பார்வையற்றோர் நம்பியிருக்கும் திரைவாசிப்பானுக்கும் இதே கதி. இயங்குதளத்தின் சொந்தப் பொத்தான் என்றால் ‘இது பொத்தான், பெயர் இது’ என்ற தகவல் தானாகவே போய்ச் சேரும். வண்ணப் புள்ளிகளாக வரைந்த பொத்தான் திரைவாசிப்பானுக்கு வெறும் படம். அந்தத் தகவலை மூன்று தளங்களுக்கும் தனித்தனியாக எழுதித் தர வேண்டும். பின்னால் ஒரு நிறுவனமே இருக்கும் அவலோனியாவால் அந்த வேலையில் இறங்க முடிகிறது. விடுமுறை நாளில் எழுதும் தனியாளால் ஆகாது.

எதுவும் வேண்டாம் என்று உலாவிக்குள் நுழைந்துகொள்பவர்களே இன்று அதிகம். குளோஜர்ஸ்கிரிப்டில் எழுதிய லாக்செக் குறிப்பேடு, எலக்ட்ரான் உறைக்குள் ஓடும் நல்ல மேசைக்கணினிப் பயன்பாடு. எழுத்தமைவு, திரைவாசிப்பான் எல்லாம் அந்த உறைக்குள் இருக்கும் குரோமியம் உலாவியோடு இலவசமாக வருகின்றன. விலை வேறு இடத்தில்: சின்னக் கடிகாரம் காட்டும் நிரலுக்கும் ஒரு முழு உலாவியைத் தூக்கிக்கொண்டு அலைய வேண்டும்.

இன்று ஹாஸ்கெலில் தொடங்குபவருக்கு ஹாஸ்கெல்-ஜிஐ வழியிலான ஜிடிகேதான் பாதுகாப்பான தேர்வு. மேக்கில் அது அந்நியமாகத் தெரியும், விண்டோஸில் கூடவே கட்டுக்கட்டாக நூலகக் கோப்புகளைக் கட்டிக் கொடுக்க வேண்டியிருக்கும். அந்த அளவுக்கு இறங்கிவரத்தான் வேண்டும். ஓகேமல்காரருக்கு லேபிள்-ஜிடிகே, எஃப்-ஷார்ப்காரருக்கு அவலோனியா. எர்லாங்கின் டபிள்யூஎக்ஸ் உள்வேலைக் கருவிகளுக்குப் போதும், விற்கும் மென்பொருளுக்குப் போதாது. மொழியையே தேர்ந்தெடுக்கும் சுதந்திரம் இருந்து, ஜன்னல்தான் முதல் தேவை என்றால், ராக்கெட்டை எடுக்கலாம்: இந்தக் குடும்பத்தில் டூல்கிட்டை மொழியோடு சேர்த்தே, தன் கையாலேயே இத்தனை ஆண்டுகள் பராமரித்துவரும் மொழி அதுதான்.